குட்டனுக்குச் சிக்கெடுத்த பேச்சி

கொச்சி மட்டாஞ்சேரியில் பேச்சியைத் தெரியாத தெருநாய் கிடையாது. காலையில் பச்சை மேல்சட்டையும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு அவள் தெருப் பெருக்க வந்தால், பஜார் முக்கிலேயே வால்கள் ஆட ஆரம்பித்துவிடும். அவளைக் கண்டு குரைத்தது ஒரே ஒரு நாய்தான். அது அவள் வீட்டு நாய்.

குட்டன் தரையைத் தொடும் முடிகொண்ட லாசா ஆப்ஸோ. மகள் சுமா எர்ணாகுளத்தில் வேலைபார்த்த துணிக்கடை முதலாளியம்மா துபாய் போகும்போது அவளிடம் விட்டுப் போனது. சுமா அதைச் சீவிச் சிங்காரித்து வளர்த்தாள். மே மாதம் அவளுக்கு ஆலுவாவில் கல்யாணமாயிற்று. மாமியாருக்கு நாய்முடி பட்டால் தும்மல் நிற்காது என்பதால் குட்டன் இங்கேயே தங்கிவிட்டது.

கொஞ்ச நாளில் குரைப்பு தொடங்கியது. வேலை முடிந்து பேச்சி படியேறினால் போதும், கட்டிலுக்கடியிலிருந்து பாய்ந்து வந்து ஊரைக் கூட்டும். அவள் பூட்ஸைக் கழற்றி, குளித்து, சேலை மாற்றி வந்தபிறகுதான் அடங்கும்.

"சுமாவ நாந்தான் அனுப்பிட்டேன்னு எம்மேல கோவம்" என்றாள் பேச்சி.

"அதுக்கு அத்தன புத்தியொண்ணும் இல்ல" என்றார் கணவர் ராஜப்பன், சாயாவை உறிஞ்சியபடி.

பேச்சிக்கு மனம் ஆறவில்லை. மகள் இல்லாத வீடு வேறு வெறிச்சென்று கிடந்தது.

மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் குட்டனின் முடி திரிதிரியாகத் திரண்டு காதோரம் கட்டி தட்டிப்போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சி அதைப் பிடித்துச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். சிக்கு இன்னும் இறுகிக் கயிறாயிற்று.

பக்கத்து வீட்டு ஷைலஜா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "பேச்சிசேச்சி, இது நாயோ சவிட்டியோ?" வாசலில் போடும் கால்மிதியைத்தான் அப்படிக் கேட்டாள்.

ரோஷம் வந்துவிட்டது பேச்சிக்கு. மகளை வீடியோவில் கூப்பிட்டாள்.

"அய்யோ அம்மா! சிக்கோட குளிப்பாட்டலாமா? மொதல்ல நல்லா காயட்டும். அப்புறம் நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடு. வேரப் பிடிச்சுக்கோ, இல்லேன்னா வலிக்கும்."

சிறுபிள்ளையாய் இருந்தபோது சுமாவுக்கு அப்படித்தானே சீவினோம் என்று பேச்சிக்குத் தோன்றியது. பாயை விரித்து ஃபேனைப் போட்டாள்.

"நீங்க பிடிச்சுக்கிடுங்க."

"எனக்கு ஓட்டம் உண்டு" என்று ஆட்டோச் சாவியை எடுத்தார் ராஜப்பன்.

"இந்த மழையில எந்த ஓட்டம்? இரிங்க இங்க."

முதல் இழுப்பிலேயே குட்டன் சீப்பைக் கவ்விக்கொண்டது. ராஜப்பன் அவித்த மத்தி மீனை முள்நீக்கி வாயருகே நீட்டியதும் சீப்பை விட்டது. சாயங்காலம்வரை இருவரும் நிமிரவில்லை. அவிழாத கட்டிகளைப் பேச்சி கத்தரியால் பார்த்துப் பார்த்து வெட்டினாள். உதிர்ந்த முடி ஒரு வாளி தேறியது. "இதில இன்னொரு நாய் உண்டாக்கலாமே" என்றார் ராஜப்பன்.

கடைசியில் முகம். கண்களை மூடிப் பீளையோடு ஒட்டிக் கிடந்த முடியை வெந்நீர்ப் பஞ்சால் நனைத்துப் பிரித்து, நெற்றிக்கு மேலே குடுமியாக ரப்பர் பேண்டு போட்டாள். கருகருவென்று இரண்டு கண்கள் அவளையே பார்த்தன.

மறுநாள் பேச்சி வேலை முடிந்து படியேறினாள். குட்டன் வழக்கம்போல் பாய்ந்து வந்தது. பூட்ஸைப் பார்த்தது. வாயைத் திறந்தது. அப்படியே நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. குரைப்பு வரவில்லை. வால் ஆடிய வேகத்தில் உடம்பே ஆடியது.

பேச்சி பூட்ஸோடு படியில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே மகளுக்குப் போன் செய்தாள்.

"மோளே, அதுக்கு எம்மேல கோவமே இல்லடி. கண்ணு தெரியாம இருந்திருக்கு. பூட்ஸு சத்தமும் பிளீச்சிங் பவுடர் வாடையுமா யாரோ வருதான்னு பயந்திருக்கு."

"இவ்வளவு நாளா எங்கிட்ட நீ சொல்லவேயில்லியே அம்மா?"

"என்னன்னு சொல்லுவேன்? நாய் என்னைக் கண்டாக் குரைக்குதுன்னா?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஓணத்துக்கு வந்த சுமா, வந்ததும் சீப்பைத் தேடினாள். பேச்சி கொடுக்கவில்லை. "நீ இழுத்துப்புடுவ. அந்தப் பக்கத்த வேணா பிரஷ்ஷால சீவு" என்றாள். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஆலுவாக் கதையெல்லாம் பேசியபடி சீவினார்கள். நடுவில் குட்டன் நாலு காலையும் நீட்டிக் குறட்டைவிட்டது.