முப்பது நோன்பும் பிடித்தவள்

கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஜலீலின் மனைவி ஜஹனாராவைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. நான் பேசுவேன். அவளுக்கு முப்பது ஊசி போட்ட நர்ஸ் நான்.

எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் ரூபவதி ஒரு நோட்டு வைத்திருந்தார். கருமுட்டையை வளரவைக்கும் மருந்துகளில் எது பலிக்கிறது என்று அதில் எழுதுவார். இடப்பக்கம் ஊசி, வலப்பக்கம் மாத்திரை. ஊசி, சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஹார்மோன். மாதம் பத்து நாள் போடவேண்டும், போட்ட இடம் கட்டிப்போகும். மாத்திரை புதிது. மாதவிலக்கான ஐந்தாம் நாள் தொடங்கி ஐந்து நாள் விழுங்கினால் போதும். சீமையிலிருந்து டாக்டரின் தோழி அனுப்பியது. கைவசம் சில மாத்திரைப் பட்டைகள்தான் இருந்தன.

ஜஹனாராவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். மூன்று மாதம் ஊசி போட்டும் ஒன்றுமில்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் மகனுக்கு வத்தலக்குண்டில் வேறு பெண் பார்ப்பதாக மாமியார் ரஹ்மத் பீவி சொல்லிவிட்டார். ஜலீல் நல்லவர், அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாத நல்லவர். அந்த மாதிரி நல்லவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் அவளுக்கு மாத்திரை கொடுத்தோம். கொஞ்ச நாளில் ரமலான் பிறந்தது. மாதவிலக்கு வந்தால் பெண்கள் நோன்பு பிடிக்கக் கூடாது. அதனால் யாருக்கு எப்போது என்பது அந்த மாதம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஜஹனாராவுக்கு நாள் தள்ளியது. இருபது நோன்புவரை ஒன்றையும் விடாமல் பிடித்தாள். மாமியார் அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கி வைத்தார்.

"ஒனக்கு என்ன சோலி கெடக்கு? செத்த உக்காரு புள்ள."

ஒன்பது வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இருபத்திரண்டாம் நோன்பன்று ரத்தம் பட்டது. அன்றே வந்து சொல்லியிருந்தால் ஐந்தாம் நாள் அடுத்த பட்டையைத் தொடங்கியிருக்கலாம். அவளுக்கென்று ஒன்றை, அந்தக் கடைசிப் பட்டையை, டாக்டர் எடுத்து வைத்திருந்தார். அவள் வரவில்லை. பாவம் என்று தெரிந்தே விடியுமுன் சஹர் சோற்றுக்கு எழுந்தாள், பட்டினி கிடந்தாள், தொழுகைப் பாயில் நின்றாள், குடம் தூக்காமல் உட்கார்ந்தாள். ஒன்பது நாள்.

இதற்குள் ஜலீல் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்து, "மாத்திரை பலிச்சிருச்சுங்க" என்றார். மகிழ்ச்சியில் நான்தான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். சோதித்துப் பார்க்காமல் அவரும் வலப்பக்கத்தில் முதல் வெற்றி என்று எழுதினார். கடைசிப் பட்டை பெரும்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த கந்தம்மாளுக்குப் போயிற்று. எடுத்துக் கொடுத்த கை என்னுடையது.

பெருநாளுக்கு மறுநாள் வெள்ளனே ஜஹனாரா வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இனிமே மாத்திரை இருக்காக்கா?"

"இல்லைம்மா."

முதலிலேயே ஏன் வந்து சொல்லவில்லை என்று நான் சத்தம் போட்டேன். வெட்கமில்லாமல் போட்டேன். அவள் அழவில்லை.

மாசியில் வத்தலக்குண்டுப் பெண் வந்தாள். அடுத்த ஐப்பசிக்குள் கந்தம்மாளுக்குப் பையன் பிறந்தான். டாக்டர் ஜஹனாரா பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் கந்தம்மாள் பெயரை எழுதினார். இளையவள் உண்டானபோது தண்ணீர் சுமந்தது ஜஹனாராதான். குழாயடியில் ஒருநாள் பார்த்தேன். குடத்தைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"ஒம்போது நாளு உக்காந்திருந்தேன்லக்கா," என்றாள், குடத்தைத் தூக்கிக்கொண்டே.