டபிள்யூ பி அன்று காலை

எழுபதுகளின் கடைசியில் எனக்கு வந்த ஒரே தந்தி அது. பாண்டியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். ‘நேர்காணலுக்கு டபிள்யூ பி அன்று காலை வரவும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. டபிள்யூ பி என்று எந்தக் காலண்டரில் நாள் இருக்கிறது? கோவில்பத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு காரைக்கால் தந்தி ஆபீசுக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்தவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. “அது அந்த ஆபீஸ் கோடும்மா. லெட்டர் பின்னாடியே வரும், வீட்டுக்குப் போங்க” என்றார். நம்பித் தொலைத்தேன். ஒரு வாரம் பார்த்தேன், லெட்டர் வரவில்லை. நடவை அப்படியே போட்டுவிட்டு அப்பா என்னைப் பாண்டிக்கு அழைத்துப் போனபோது, வேறொருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு தந்தித் துறையிலேயே வேலை கிடைத்தது. பயிற்சியில், தந்தியைத் தட்டி அனுப்பவும் வருவதை அச்சடிக்கவும் இருந்த டெலிபிரிண்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அதற்கு ஓர் எழுத்து என்பது ஐந்து துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் மின்சாரம் இருக்கும், அல்லது இருக்காது. இதில் முப்பத்திரண்டு குறிகள்தான் தேறும். எழுத்துக்கும் எண்ணுக்கும் போதாது. அதனால் ஒரே குறி இரண்டுக்கும் உழைக்கும். ‘இனி எண்’ என்று தனிக்குறி ஒன்று வந்துவிட்டால், ‘இனி எழுத்து’ என்ற குறி வரும்வரை அச்சாவதெல்லாம் எண். அந்தக் குறி வழியில் கெட்டுப்போனால் எண்கள் எழுத்தாக வந்து விழும்.

குனிந்து சாவிகளைப் பார்த்தேன். டபிள்யூவின் மேல் இரண்டு. பியின் மேல் சைபர். இருபதாம் தேதி! அடப்பாவி! நான் அந்த ஆள் முன்னால் போய் நின்றபோது இருபதுக்கு இன்னும் மூன்று நாள் இருந்ததே! புரியாமல் வந்தால் அனுப்பிய ஊரிடம் ‘ரிப்பீட்’ கேட்டு வாங்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

காரைக்காலுக்கே மாற்றலாகி வந்தேன். அன்று கவுன்டரில் இருந்தவர் மேற்பார்வையாளராகி இருந்தார். சந்தேகம் வந்த ஒவ்வொரு தந்திக்கும் நான் ரிப்பீட் கேட்டேன். ஒருநாள் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

“என்னம்மா, எதுக்கெடுத்தாலும் ரிப்பீட்டு? புரியலைன்னா தந்தி வாங்குன பார்ட்டியே வந்து கேட்டுக்க மாட்டாங்களா?”

“வந்து கேட்டேன் சார். கோவில்பத்துலேருந்து. டபிள்யூ பின்னு ஒரு தந்தி. ஆபீஸ் கோடுன்னு சொல்லித் திருப்பி அனுப்புனீங்க. என் வேலை போச்சு.”

அவர் யோசித்தார். உண்மையாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“அப்படியா? ஞாபகம் இல்லையேம்மா” என்றவர், டீ வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார்.