படத்தில் இல்லாத இரண்டு கால்கள்

அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் தம்பிதான். படித்து என்னத்தைக் கிழித்தான் என்று உறவில் யாராவது கேட்டால், "படம் வரையறான்" என்பாள் அக்கா. பொய்யில்லை. எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகச் செய்துபார்ப்பவர்களுக்கு உதிரி பாகங்களைப் பொட்டலமாகக் கட்டி விற்கும் கடையில், உள்ளே வைக்கும் சர்க்யூட் படங்கள் அவன் கைவேலை. மின்சாரம் மேலே, கிரவுண்டு கீழே, எல்லாம் இடமிருந்து வலம். ஒரு கோடு இன்னொன்றின்மேல் ஏறினால் அவனுக்குச் சோறு இறங்காது.

பொட்டலங்களைச் சோதிக்கும் வேலையை அதே கடையில் அக்கா கேட்டிருந்தாள். பள்ளியோடு நின்றவள். "தம்பி வாயத் திறக்கக் கூடாது. படத்தப் பாத்து நீயா செஞ்சு எரிய வை, வேலை உனக்கு" என்றார் முதலாளி.

கடை மேசையில் அவள் சாலிடரிங்கை முடித்து பேட்டரியை மாட்டினாள். விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்ட வேண்டும். எரியவே இல்லை. தம்பி எழுந்தான், உட்கார்ந்தான், மின்விசிறியைக் கூட்டினான், குறைத்தான்.

"உக்காருடா, எனக்குத் தலை சுத்துது." பிறகு குரல் இறங்கி, "நமக்கு இதெல்லாம் மண்டைல ஏறாது போல" என்றாள்.

அவன் எட்டிப் பார்த்தான். ஐசி என்கிற கறுப்புச் சில்லின் பதினான்கு கால்களில் ஏழாவதும் பதினாலாவதும் எதோடும் சேராமல் அந்தரத்தில் நின்றன. ஐசிக்கு மின்சாரம் போவதே அவற்றின் வழிதான். அந்த இரண்டையும் அவன் படத்தில் வரையவில்லை. வரைந்தால் குறுக்கே இரண்டு கோடு ஓடும். தெரிந்தவர்கள் யாரும் வரைவதில்லை.

தெரிந்தவர்கள். கல்லூரி ஆய்வகத்தில் "இதுகூடத் தெரியாதா?" என்பார்கள். தெரிந்ததுபோல் தலையாட்டியே படிப்பை ஓட்டியவன் அவன். எப்போது அந்தப் பக்கம் போய் நின்றான்?

"அக்கா சரியாத்தான் செஞ்சிருக்கு அண்ணே. என் படந்தான் தப்பு" என்றான் முதலாளியிடம்.

"ஐசிக்கு பவர் குடுக்கணும்னு யாருக்குப்பா தெரியாது?"

"வாங்கறவங்களுக்கு."

முதலாளி தாடையைச் சொறிந்தார். "அதான் இந்தப் பொட்டலம் மட்டும் போன வேகத்துல திரும்பி வருதா? சரி, வரைஞ்சு குடு. அவளே முடிக்கட்டும்."

கோட்டின்மேல் கோடு ஏறியது. கை கூசியது. அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அசிங்கமா இருக்குடா. ஆனா புரியுது."

இரண்டு கம்பிகளை வைத்துப் பற்றவைத்தாள். விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"நாளைலேருந்து வாம்மா" என்றார் முதலாளி. "இவன் படம் எதுவா இருந்தாலும் நீ செஞ்சு பாத்த பிறகுதான் அச்சுக்குப் போகணும்."

அக்கா உடனே கையை நீட்டினாள். "அடுத்த படம் எங்க?"

அது அவன் பையில் தயாராகத்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் கை வரவில்லை.