மூன்று நிமிடக் கதிரை

வலைக்கடையில் வேலை செய்பவளுக்கு இரண்டு கை போதாது. அவள் மூன்று நிமிடச் சதுரங்கமும் ஆடுகிறவள் என்றால் அந்த இரண்டில் ஒன்றுகூடக் கடைக்கு மிஞ்சாது. போனில் வேகச் சதுரங்கம் ஆடி, தோற்றதும் "இன்னும் ஒண்டு" என்று சொல்லி, அடுப்பில் வைத்ததைக் கரியவிட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்தால், பலகை நிறையக் காய் இருந்தாலும் தோல்விதான். இதை விளையாட்டு என்பார்கள். இது வருத்தம், மருந்தில்லாத நோய்.

எங்கள் கடை திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக இருக்கிறது. வலை, கயிறு, தங்கூசி நூல், மிதப்பு, ஈயம் எல்லாம் விற்போம். என்னோடு நிற்பவள் நஸீரா, கிண்ணியாவிலிருந்து வருகிறாள். வாய் கொஞ்சம் நீளம். என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறார். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் இங்கேயும் அவர் "இவர்"தான்.

கதிரை

இவருடைய கப்பலில், சாப்பாட்டு அறையின் ஒரு மூலையில் மட்டும்தான் இண்டர்நெட் ஒழுங்காக வேலை செய்யுமாம். அந்த மூலையில் உட்கார ஒரு கதிரை. தேநீர் இடைவேளையில் எல்லோருக்கும் அந்தக் கதிரைதான் வேண்டும். ஆகவே தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ஓராளுக்கு ஒரு போன் கோல், இல்லாவிட்டால் ஒரு ஆட்டம். முடிந்ததும் எழும்பி மற்றவருக்கு விட வேண்டும். யாரோ ஒரு புத்திசாலி அரைமணிநேரச் சதுரங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டு அசையாமல் இருந்தாராம். அன்றிலிருந்து மூன்று நிமிட ஆட்டம்தான், அதற்கு மேல் இல்லை.

கோல் எடுத்தால் எங்களுக்குக் கிடைப்பது "ஹலோ, கேக்குதோ, ஹலோ" மட்டும். அறுந்தால் அறுந்ததுதான், இவர் எழும்ப வேண்டும். செய்தி அனுப்பலாம், ஆனால் நான் காலையில் அனுப்பியது இவரிடம் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. சதுரங்கம் அப்படி அறுவதில்லை. ஒரு காயை நகர்த்த எவ்வளவு டேட்டா வேண்டும்? இவர் குதிரையைத் தூக்கி வைக்கும்போது, அந்த நொடியில் இவருடைய விரல் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த விரலுக்காகத்தான் நான் ஆடத் தொடங்கினேன்.

வில்லங்கம் என்னவென்றால் எனக்கு ஆடத் தெரியாது. இரண்டு பேருடைய நேரத்தையும் கூட்டினால் ஆறு நிமிடம் நாங்கள் சேர்ந்திருக்கலாம். ஆனால் நான் தோற்ற உடனே இவர் எழும்ப வேண்டும். மெல்ல ஆடினால் என்ன என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஆட்டம் தெரிந்தவர்கள், சும்மா இழுத்தால் எழுப்பிவிடுவார்கள் என்றார். முதல்நாள் இவருடைய ராணியும் மந்திரியும் சேர்ந்து வந்து என் ராஜாவை முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இவரோடு கூட நேரம் இருக்க வேண்டுமென்றால் நான் திறமாக ஆட வேண்டும், வேறு வழியில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற நஸீரா சொன்னாள்:

"என்னக்கா இது, கப்பல் மச்சான் வந்தாரா போனாரா எண்டே தெரியல்ல."

பாகம்

இவரோடு நாளுக்கு ஒரு ஆட்டம்தான். மிச்ச நேரமெல்லாம் முகம் தெரியாத ஆட்களோடு ஆடிப் பழகினேன். ராணியை அவசரப்பட்டு வெளியே கொண்டுவரக் கூடாது, ராஜாவை நேரத்தோடு கோட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட வேண்டும், எதிராளியின் நேரம் ஓடும்போதே நாம் யோசித்து முடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக, தோற்றுத் தோற்றுப் படித்தேன்.

கயிற்றை நாங்கள் பாகத்தில் அளப்போம். இரண்டு கையையும் விரித்துப் பிடித்தால் ஒரு பாகம். நிலாவெளியில் சொந்தமாகக் கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டி ஐயா ஒருநாள் கயிறு வாங்க வந்தார். மேசையில் போன், கையில் கயிறு. விரிக்கும்போது யோசிப்பேன், கை கூடும்போது பெருவிரலால் ஒரு காயைத் தள்ளுவேன். ஆட்டம் நன்றாகத்தான் போனது, வென்றும் விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கயிறு என் முழங்கால் வரைக்கும் குவிந்து கிடக்கிறது. ஐயா அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். பிறகு அவசரமில்லாமல், ஆறுதலாகக் கேட்டார்:

"பிள்ளை, நான் மீன் பிடிக்கப் போறனோ, இல்லாட்டிக் கடலைக் கட்டி வைக்கப் போறனோ?"

முந்திக்கொண்டு நகர்த்துவது

எதிராளி நகர்த்த முன்பே நம்முடைய அடுத்த நகர்த்தலைப் போட்டு வைக்கலாம் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் நாம் நினைத்ததைச் செய்தால் நமக்கு ஒரு நொடிகூடச் செலவில்லை. வேறு எதையாவது செய்தால் நம்முடைய கதை முடிந்தது. பழகப் பழக இந்தப் புத்தி கடைக்குள்ளும் வந்துவிட்டது. வாசலில் ஆள் ஏறும்போதே அவருக்கு என்ன தேவை என்று நானே முடிவெடுத்துவிடுவேன். ஒருநாள் காலில் மணலோடு ஒருவர் வந்தார். வாயைத் திறக்க விடவில்லை. தங்கூசி, தூண்டில், ஈயம் எல்லாம் எடுத்து மேசையில் பரப்பி, பையிலும் போட்டுவிட்டேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கத்தால போறது எண்டு கேக்க வந்தனான்."

மந்திரி

கிண்ணியா றமீஸ் நானா சொந்தப் படகுக்காரர், எங்களுடைய நல்ல வாடிக்கையாளர். அவருக்குச் சதுரங்கம் தெரியும் என்பதை அவர் மறைத்தே வைத்திருந்திருக்கலாம். அன்றைக்கு ஈயம் வாங்க வந்தவர், நான் இவரோடு ஆடுவதைக் கண்டதும் இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிவிட்டார். அந்த நாட்களில் நான் நாலு நிமிடம்வரை தாக்குப்பிடிக்கப் பழகியிருந்தேன். ஆட்டம் பாதியில் நிற்கிறது. "மந்திரியக் குடுங்க தங்கச்சி, குடுத்தா அவருக்கு வேற வழியில்ல" என்றார். நானும் நம்பி மந்திரியைக் கொண்டுபோய் எதிரியின் வாயில் வைத்தேன். விழுங்கிவிட்டு இவர் என் ராஜாவையும் கட்டிப்போட்டார்.

நானா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகுதான் விசயம் விளங்கியது. எனக்கு மந்திரி என்பது குறுக்காக ஓடுகிற காய்; ராஜாவுக்குச் சோடியாக நிற்கும் பெரிய காய் எனக்கு ராணி, அவருக்கு அதுதான் மந்திரி. "பொஞ்சாதிய ஆராச்சும் சண்டைக்கு முன்னால அனுப்புவாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஈயத்தை நிறுத்துக் கொடுத்தேனே தவிர முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இருந்திருக்க வேண்டிய நேரத்தில் பாதியல்லவா போய்விட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் இருக்கும்போது இவருடைய செய்தி வந்து சேர்ந்தது:

"மந்திரியைச் சும்மா தூக்கித் தந்தனீர், என்னில ஏதும் கோவமோ?"

ஓம்

ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுத ஒரு சின்ன இடம் இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை, ஏனென்றால் எழுதுகிற நேரமும் ஆட்ட நேரத்தில்தான் கழியும். அதுவும் தமிழில் எழுதுவதென்றால் கேட்க வேண்டாம். ஒருநாள் இவர் நல்ல நிலையில் இருந்தார். என் கோட்டை ஒன்று போய்விட்டது. நேரம் மட்டும் இருவருக்கும் குறைவு. அடுத்த அடி எங்கிருந்து விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, இவர் எதையும் நகர்த்தவில்லை. இவருடைய நேரம் கரைந்துகொண்டே வந்தது. பிறகு அந்தச் சின்ன இடத்தில் ஒரு சொல் வந்து விழுந்தது: "சாப்பிட்டிட்டீரோ". அது வந்து சேர இவருடைய நேரமும் முடிந்தது. நான் வென்றுவிட்டேன் என்று போன் சொன்னது.

என் வாழ்க்கையில் இவரை முதன்முதலாக வென்றது அப்படித்தான். நஸீரா கைதட்டினாள். எனக்கோ வென்ற சந்தோசத்தைவிட, கேட்டதற்கு என் பதில் கிடைக்காமலே இவர் எழும்பிப் போய்விட்டாரே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. அடுத்தநாள் ஆட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக எழுதினேன்: "நேற்று சாப்பிட்டனான், சோறும் சூடைமீன் குழம்பும்". குழம்புக்கு வந்து சேர்வதற்குள் என் நேரத்தில் பெரும்பங்கு போய்விட்டது. அன்றைக்குத் தோற்றது நான். நஸீராவுக்குத் தாங்கவில்லை.

"'ஓம்' எண்டு போட்டா காணாதா அக்கா, குழம்பக் கப்பல் மச்சான் வந்து கேக்கட்டும்."

மழைக்காலம்

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்த நாட்களில் இவர் ஆட்டத்துக்கு வரவில்லை. ஒருநாள், இரண்டுநாள் என்று பார்த்து, பிறகு நாளை எண்ணுவதை விட்டேன். கப்பல் எங்கேயோ ஒரு கடலில், இங்கே பெய்யும் மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, பயம் அதைக் கேட்கிறதா? கடைக்கு வருகிறவர்கள் கடலோடு சீவிக்கிறவர்கள். ஆகையால் ஒருவரும் "ஒண்டும் நடக்காது" என்று எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. போன் இருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் சாமானைச் சொல்வார்கள்.

சம்மாட்டி ஐயாவுக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தபோதுதான் போன் மணியடித்தது. இவர் ஆட அழைக்கிறார். கையில் கயிறு, முன்னால் ஐயா, போன மாதம் நடந்ததும் நினைவிருக்கிறது. நான் அசையாமல் நின்றேன். ஐயா என் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தானே அளக்கத் தொடங்கினார்.

"நீர் முதல் ஆளைப் பாரும் பிள்ளை."

மூன்றாம் தரம்

மழை விட்ட காலத்தில் நான் இவருக்குச் சமமாகிவிட்டேன். போன் கொடுக்கும் புள்ளியில் இவரைவிட ஒருபடி மேலே என்றும் சொல்லலாம், இவர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒருநாள் ஆட்டத்தில் என் கோட்டையை ஒரே ஒரு கட்டம் தள்ளினால் இவருடைய ராஜா முடிந்தார். இரண்டு பேரிடமும் நேரம் தாராளமாக இருந்தது. எப்போது இப்படி ஒரு நிலை வரும் என்று ஏங்கியவள் நான். விரல் கோட்டைக்குப் போகவில்லை. முடித்தால் இவர் எழும்ப வேண்டுமே. என் ராஜாவைச் சும்மா பக்கத்துக் கட்டத்தில் வைத்தேன். இவருக்கு விளங்கிவிட்டது. தன் ராஜாவையும் பக்கத்தில் வைத்தார். நான் திரும்பி வந்தேன், இவரும் திரும்பி வந்தார். மறுபடி போனோம், மறுபடி வந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

திடீரென்று போன் "சமநிலை" என்று சொல்லி ஆட்டத்தை முடித்துவிட்டது. ஒரே நிலை மூன்றாம் தரம் வந்தால் ஆட்டம் முடிந்தது என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். வெல்லப் படித்த நேரத்தில் இதையும் யாராவது சொல்லித் தந்திருக்கலாம். மிச்ச நேரம் முழுவதும் வீண். நஸீரா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெல்லவும் மனமில்ல, தோக்கவும் மனமில்ல, இதுக்கா அக்கா இவ்வளவு பாடுபட்டுப் படிச்சீங்க?"

பின்னால் நின்றவர்

அதற்குப் பிறகு நாங்கள் திரும்பி வருவதில்லை. ராஜாக்கள் இரண்டு பேரும் பின்னேரத்தில் கடற்கரைக்குப் போகிறவர்கள் போலப் பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடப்பார்கள். ஆறு நிமிடமும் முழுதாகக் கிடைத்தது. வரிசையில் நிற்பவர்களுக்கும் இந்தக் கள்ளம் தெரியும், சிரித்துவிட்டு விடுகிறார்கள் என்று இவர் எழுதியிருந்தார்.

அன்றைக்கும் அப்படித்தான். என் கோட்டை சரியான இடத்தில் நிற்கிறது, ராஜா உலாத்துகிறார், நேரம் நிறைய இருக்கிறது. அந்தச் சின்ன இடத்தில் எழுத்து வந்தது: "பின்னுக்கு நிக்கிறவருக்குப் பிள்ளை பிறந்திட்டுதாம். குரல் கேக்க நிக்கிறார். முடிச்சு விடும்."

தோல்வியை ஒப்புக்கொண்டு எழும்பிப் போக ஒரு பொத்தான் இருக்கிறது. இவர் அதை அழுத்தியிருக்கலாம். அழுத்தாமல் என்னைக் கேட்டார். அந்த நேரத்தில் பாதி என்னுடையது என்று இவர் நினைத்திருக்கிறார். அதை நினைக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓம்" என்றுகூட எழுதவில்லை, அதற்கும் நேரம் போகும். கோட்டையைத் தள்ளினேன். நான் இதுவரை ஆடியதில் மிக வேகமான நகர்த்தல் அதுதான். பலகை மறைந்தது. மேசையில் கிடந்த வலைத்துண்டால் முகத்தைத் துடைக்கப் பார்த்தேன். நஸீரா தன் லேஞ்சியைத் தந்துவிட்டு, முதன்முறையாக ஒன்றும் சொல்லாமல் போனாள்.

இவருடைய செய்தி அடுத்தநாள் வந்தது:

"பிள்ளை அழுத சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது, பிறகுதான் கோல் அறுந்தது. நாளைக்கு அவர் தன்ர முறையையும் எங்கள் ரெண்டு பேருக்கும் தாறாராம், ரெண்டு ஆட்டம் ஆடலாம்."

வேகச் சதுரங்கத்தில் நான் நன்றாக முன்னேறிவிட்டேன் என்று போன் அடிக்கடி பாராட்டுகிறது. ஒரு ஆட்டத்தை எவ்வளவு மெல்ல முடிக்கலாம் என்பதைத்தான் நான் இவ்வளவு நாளும் படித்தேன் என்று அதற்கு யார் சொல்வது.