ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசும் குழு

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் என் மகளைச் சேர்த்தபோது, வளாகத்துக்குள் செல்போன் கூடவே கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சட்டம் பிள்ளைகளுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும் எங்களுக்கு இல்லை. காலை பத்து மணிக்கு கேட்டைத் திறந்ததும் வேப்பமரத்தடியில் ஆளாளுக்குப் பாயை விரிப்போம். பிள்ளை வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது சோற்றை அல்ல, போனை. ஆறு நாள் அடைந்து கிடந்த பிள்ளை கொஞ்ச நேரம் பார்க்கட்டுமே என்று எல்லாரும் கொடுத்துவிடுவோம். நானும் கொடுத்தேன்.

பத்தாம் வகுப்புப் பாதியில் அவள் சோப்பு கேட்கத் தொடங்கினாள். வாரத்துக்கு இரண்டு, அப்புறம் மூன்று. விடுதியில் எவளோ திருடுகிறாள் என்று நினைத்தேன். முழங்கையில் தோல் வெடித்திருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு ஞாயிறு, "ஊட்டுக்கே வந்தர்றேங்மா, பரிச்சை எழுதலீங்மா" என்றாள். படிக்கச் சோம்பல் என்று திட்டிவிட்டு வந்தேன்.

சேந்தமங்கலம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. அன்றன்றைய முட்டை விலை வாட்ஸ்அப்பில் வரும். மறுநாள் அதைத் தேடியபோது, கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு குழு அகப்பட்டது. முப்பது நம்பர் இருக்கும், எல்லாம் அப்பா அம்மாக்களின் நம்பர்கள். திங்கள் முதல் சனி வரை ஒரு வார்த்தை கிடையாது. ஞாயிறு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மட்டும் பேச்சு. அத்தனையும் என் மகளைப் பற்றி.

அவள் முகத்தை வெட்டி ஒரு கோழியின் கழுத்தில் ஒட்டி ஸ்டிக்கர் செய்திருந்தார்கள். முருகன் படம் வைத்த ஒரு நம்பர், "கோழி வருது, மூக்கைப் பொத்து" என்றது. கல்யாணக் கோலத்தில் நின்ற ஒரு தம்பதி, "எத்தனை சோப்பு போட்டாலும் பண்ணை நாத்தம் போகாது" என்றார்கள். நான் பக்கத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்க, என் போனிலேயே அவள் இதையெல்லாம் படித்திருக்கிறாள். தீவன மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் ஒன்றுதான் தோன்றியது. இவர்களைச் சும்மா விடக் கூடாது.

தலைமை ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். "நம்ம கேம்பஸ்ல போனே கெடையாதுங்களே. வெளிய நடக்கறதுக்கு நாங்க என்னங்க பண்றது?"

"வேப்பமரத்தடி வெளியவாங்க இருக்குது?" என்றேன். எழுதிக் கொடுங்கள், விசாரிக்கிறோம் என்றார். அந்த வாரம் முழுக்க யாரும் கூப்பிடவில்லை.

"அம்மிணி, பேசாம புள்ளையக் கூட்டிட்டு வந்தரலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"ஓடி வாரதுக்கு நாம என்னங்க தப்புப் பண்ணுனோம்?"

அடுத்த ஞாயிறு மரத்தடியில் நின்றுகொண்டு, முருகன் படம் வைத்த நம்பருக்கு அடித்தேன். மூன்றாவது பாயில் மணி அடித்தது. போன் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. பக்கத்தில் அவள் அப்பா, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர். என் போனை அவரிடம் நீட்டினேன். "உங்க நம்பர்ல இருந்து வந்ததுங்க. நீங்களே சத்தமாப் படிங்க."

மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கிவிட்டது. "மீதியும் படிங்க" என்றேன். விடவில்லை. அவர் மகளின் முகம் வெளிறியதை நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. அப்படியொரு நிம்மதி அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து, மல்லசமுத்திரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. "புள்ளைங்க வெளாட்டுங்க" என்றார். "அப்பிடீங்களா" என்று, சுற்றியிருந்த பத்துப் பாய்க்கும் கேட்கும்படி அவர் பெண் எழுதியதை நானே படித்தேன். மூன்றாவதாக அந்தக் கல்யாணப் படம். ஸ்டிக்கர் செய்தது அவர்கள் பெண்தான். அம்மாக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையை உதறினேன். என் மகள் எங்கள் பாயில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். வாரமெல்லாம் அசையாத பள்ளி ஒரு மணி நேரத்தில் அசைந்தது. இனிமேல் பெற்றோர் போனும் கேட்டிலேயே வாங்கி வைக்கப்படும் என்றார்கள். இப்படிப்பட்ட புகார்களைக் கேட்க ஓர் ஆசிரியையை நியமித்தார்கள். ஸ்டிக்கர் செய்தவளை இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். டி.சி. கொடுத்து அனுப்புங்கள் என்று நான் எவ்வளவோ சண்டை போட்டேன், அது மட்டும் நடக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஒரு குறைதான்.

ஒரு மாதம் கழித்து, "இப்ப ஆராச்சும் எதாச்சும் சொல்றாங்களா சாமி?" என்று மகளைக் கேட்டேன். இல்லையென்று சொல்லிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"எங்கூட ஆரும் பேசறதே இல்லீங்மா. எதாச்சும் பேசுனா நீங்க வந்து படிச்சுக் காட்டீருவீங்கன்னு பயப்படறாங்க. கொஞ்ச நாளைக்கு அப்பா மட்டும் வரட்டுங்மா."

பரீட்சை எழுதுவாயா என்று கேட்டேன். எழுதுகிறேன் என்றாள். சரி என்றேன்.

அதன் பிறகு கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன், சாப்பாட்டுக் கேரியரோடு அவர் மட்டும் உள்ளே போவார். போன ஞாயிறு கேரியர் காலியாகத் திரும்பி வந்தது. "இன்னிக்கு நாலு புள்ளைங்க நம்ம பாயில வந்து உக்காந்து சாப்பிட்டாங்க" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த நாலில் அந்த மூன்று பேரில் ஒருத்தியாவது இருந்து, என் சமையலைத் தின்றுவிட்டுப் போயிருந்தால்?

"ஆராருங்க அந்த நாலு பேரு?"

"பேரெல்லாம் நாங் கேக்குல" என்று வண்டியைக் கிளப்பினார்.

கேட்டிருப்பார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று மகள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.