ராமசுப்புவின் இடுப்பு

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் ராமசுப்பு தன்னைத் தானே ஏழு இடத்தில் தட்டிப் பார்ப்பார். வலது இடுப்பில் இரண்டு, இடது இடுப்பில் இரண்டு, தொப்புளுக்கு நேரே ஒன்று, நெஞ்சில் ஒன்று, கடைசியாகக் கையை முதுகுப் பக்கம் வளைத்து ஒன்று. ஏழும் சரியாக விழுந்தால்தான் கால் படியில் ஏறும். நரிக்குடி வழித்தடத்து டிரைவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆறாவது தட்டில் கியரைப் போட்டு ஏழாவது தட்டில் வண்டியை நகர்த்துவார்கள். புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர் மட்டும், பெரியவர் ஏதோ வேண்டுதலில் இருக்கிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அந்த இடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும். திருச்சுழிக்குத் தெற்கே ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற ஒரே அலுவலகம் அதுதான். அஸ்திவாரம், நாலு விரல் அகலப் பச்சை பெல்ட். அதில் வலது பக்கத்துப் பை வருவாய்த் துறை. வீட்டில் இருப்பவர்கள், வெளியூர் போனவர்கள், கட்டிக்கொடுத்து அனுப்பியவர்கள் என்று எல்லாருடைய ஆதார் நகலும் பட்டா நகலும் நாலாக மடித்து உரச்சாக்குத் தாளில் சுற்றி வைத்திருக்கும். பக்கத்திலேயே செல்போன் உறை. இடது பக்கத்துப் பை பொதுப்பணித் துறை. டெஸ்டர், பியூஸ் ஒயர், மோட்டார் ரூம் பூட்டுக்கு விட ஒரு மூடி எண்ணெய். அதற்கடியில் அரைஞாண் கயிற்றில் சாவிக்கொத்து. கழுத்துக் கயிற்றில் மூக்குக் கண்ணாடி நெஞ்சில் ஆடும். முதுகுக் கொக்கியில் தண்ணீர் பாட்டில். வயிற்றுக்கு நேரே, எல்லாவற்றுக்கும் மேலதிகாரி போல உட்கார்ந்திருப்பது பன்னிப் பை.

பெயரைக் கேட்டு யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் வேலை பார்க்கிற மகன் மாரீஸ்வரன், அப்பாவுக்கு என்று ஆன்லைனில் போட்டு அனுப்பிய ஜிப் வைத்த இடுப்புப் பை அது; இங்கிலீஷில் ஃபேனி பேக். கூரியர்காரர் போனில் கூப்பிட்டு, "பேனி பேக்கு ஒண்ணு வந்திருக்கு" என்றார். போனை எடுத்தவர் ராமசுப்புவின் மனைவி தங்கலட்சுமி. "பன்னியா? நாங்க ஆடுதானப்பா வளக்குறோம். பன்னிக்கெல்லாம் பையி வேணாம், கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மகன் தலையில் அடித்துக்கொண்டு இரண்டாம் முறை அனுப்பியபோது கூரியர்காரர் வீடு தெரியாமல், "பன்னி பேக்கு யாருக்கு?" என்று தெருமுனையில் நின்று விசாரித்தார். அன்றைக்கே ஊர் அதைப் பதிவு செய்துகொண்டது. இனி அரசிதழில் வெளியிட்டாலும் அந்தப் பெயர் மாறப்போவதில்லை.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு கிணறு. ஏழு வருஷத்துக்கு முன்னால் மிளகாய் மூடையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் குனிந்தார். சட்டைப்பையில் இருந்த போன் நழுவியது. "ரெண்டு கையிலயும் மூடை. போன் போறதப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். தண்ணிக்குள்ள போயும் ஒரு தடவ மணியடிச்சுச்சு" என்பார் ராமசுப்பு. மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பச்சை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். மனுஷனுக்குக் கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து அவருடைய கொள்கை.

கொள்கை நல்லதுதான். ஆனால் ராமசுப்புவின் கை சும்மா இருக்கிறது என்பதை ஊரும் கவனித்துவிட்டது.

"மாமா, ஒரு நிமிசம் பிடிங்க." தீச்சட்டி எடுக்கப் போகிறவன் போனைக் கொடுப்பான். "சித்தப்பு, ஒரு நிமிசம்." காதுகுத்து வீட்டில் கறி பரிமாறக் கிளம்புகிறவன் வாட்சைக் கழற்றிக் கொடுப்பான். இழவு விழுந்த துஷ்டி வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் வரிசையாக வந்து மோதிரத்தையும் மூக்குப்பொடி டப்பாவையும் ஒப்படைப்பார்கள். ராமசுப்பு யாரையும் மறுத்ததில்லை. சிரித்ததும் இல்லை. பெருமூச்சும் கொட்டாவியும் கலந்த ஒரு குரலில், "குடு. அதுவும் இருக்கட்டும்" என்பார். ஜிப் திறக்கும், ஜிப் மூடும்.

ஒரு நிமிஷம் என்பது அந்தக் கரிசல் காட்டில் நீளம் நிச்சயமில்லாத அளவு. சிலருக்கு அது அரை மணி. சிலருக்கு ஒரு வெள்ளாமை. மைத்துனர் முறையுள்ள முத்துராமலிங்கம், பாளையம்பட்டியில் நடந்த ஒரு கல்யாணத்தில், புதுப் பல்செட்டு உறுத்துகிறது என்று கழற்றி, "மச்சான், பாயாசம் குடிச்சிட்டு வாங்கிக்கிறேன், ஒரு நிமிசம்" என்று கொடுத்தார். பாயாசம் குடித்த கையோடு திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். மூன்று தீபாவளி ஆயிற்று. அங்கே வேறு செட்டு வாங்கி முறுக்கே தின்கிறாராம். போனில் கேட்டால், "பத்திரமா இருக்குல்ல? இருக்கட்டும் மச்சான், வாரப்ப வாங்கிக்கிறேன்" என்கிறார். மாத்திரை எடுக்க ராமசுப்பு பன்னிப் பையைத் திறக்கும்போதெல்லாம் முத்துராமலிங்கம்தான் முதலில் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"வீட்டுக்குள்ள ஒரு பீரோ நிக்கிது, வெளிய ஒரு பீரோ நடந்து போகுது" என்பது தங்கலட்சுமியின் கருத்து. "படுக்கிறப்பயாச்சும் கழத்தி ஆணியில மாட்டுங்களேன். கட்டுலுக்கு இடுப்பு வலிக்கப் போகுது."

"கழத்தி வச்சா, காலையில எங்க வச்சேன்னு நான் தேடணும். சும்மா கெட."

அவர் கழற்றிப் பார்த்த கதையும் ஒன்று உண்டு. பெல்ட்டைத் துவைத்துக் காயப்போட்டிருந்த ஒரு நாள், வெறும் வேட்டியோடு ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் போனார். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காபி வந்தது, குடித்தார். யாரும் பக்கத்தில் வரவில்லை. வந்த ஒருவனும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன மாமா, பை எங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வேறு ஆளைத் தேடிப் போனான். ராமசுப்பு சாப்பிடாமல் வீடு திரும்பினார். ஈரம் காயாத பெல்ட்டை எடுத்து அப்படியே கட்டிக்கொண்டார்.

தை மாதத்திலிருந்து வலது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் பெருவிரல், பிறகு பாதம், பிறகு கெண்டைக்கால். தைலம் போட்டார். போன வாரம் மிளகாய்ச் செடிக்கு மருந்தடிக்கப் போனவர், வரப்பில் வைத்த கால் வைத்த இடத்திலேயே நின்றுவிட, உடம்பு மட்டும் முன்னால் போய் விழுந்தது. கால் மணி நேரம் செடிகளுக்கு நடுவே கிடந்தார். யாரையாவது கூப்பிடலாம் என்றால், போன் இருந்த பக்கமாகவே விழுந்திருந்தார். வெயிலில் கிடந்தபடி அவர் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். இருக்கிறது இரண்டு ஏக்கர் கரிசல், பார்க்கிறது தான் ஒருத்தன். இந்தக் கால் போய்விட்டால் அடுத்த வருஷம் இந்த இடத்தில் மிளகாய் நிற்காது, சீமைக்கருவேலந்தான் நிற்கும்.

ஆகவே அருப்புக்கோட்டை, ஆகவே ஆஸ்பத்திரி.

டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பதற்கு வழியில்லாமல் இடுப்பையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பெல்ட்டையும் பைகளையும் மொத்தமாகக் கழற்றச் சொல்லி எடை மெஷினில் வைத்தார். மூன்றே முக்கால் கிலோ.

"பெரியவரே, பெறக்குற பிள்ளையே இதவிடக் கம்மியாத்தான் இருக்கும். எத்தனை மாசம்?"

"ஏழு வருசமாச்சுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "நரம்பு நசுங்குது. இப்ப ஒரு எக்ஸ்ரே எடுங்க. ஒரு மாசத்துக்கு இடுப்புல ஒண்ணும் கட்டக் கூடாது, கயிறுகூட. கட்டுனீங்கன்னா அடுத்து மதுரைக்குப் போயி ஆபரேசன்தான். அதுக்கப்புறமும் கால் வருமான்னு என்னால சொல்ல முடியாது."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, ராமசுப்பு மெஷினில் இருந்ததை எடுத்துத் திரும்ப இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

எக்ஸ்ரே அறை வாசலில் அந்தக் கட்டல் செல்லவில்லை. "பெல்ட்டு, பை, கண்ணாடி எல்லாத்தையும் கூட வந்தவங்ககிட்டக் குடுத்துட்டு வாங்க" என்றார் உள்ளே இருந்த பெண். கூட யாரும் வரவில்லை. ஆட்டைப் பார்க்க ஆளில்லை என்று தங்கலட்சுமி வீட்டிலேயே இருந்துவிட்டார். ஊர் முழுக்க வாங்கி வைத்துக்கொண்ட மனிதர், தன்னுடையதைக் கொடுக்க ஒரு ஆள் தேடி நடைபாதையில் நின்றார்.

பெஞ்சில் மூன்று பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரை நம்ப முடியாது. இன்னொருவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் பிடிக்கப் போகிற ஆள். மூன்றாவது ஆளுக்கு இரண்டு கையிலும் முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் ஆட்டுக்கு ஒதுங்கப் போய் ஓடைக்குள் ஒதுங்கியவர், பேர் சின்னச்சாமி. இந்த ஆஸ்பத்திரியிலேயே எதையும் எடுத்துக்கொள்ள முடியாத ஒரே மனிதர் இவர்தான் என்று ராமசுப்பு தீர்மானித்தார்.

"தம்பி… ஒரு நிமிசம்." அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. கடன் வாங்கிப் போட்ட செருப்பு மாதிரி இருந்தது.

சின்னச்சாமி தன் இரண்டு கட்டையும் தூக்கிக் காட்டினார். "எதுலண்ணே பிடிக்க? வாயிலயா?"

"பிடிக்க வேணாம் தம்பி. நான் கட்டி விட்டுர்றேன்."

எழுந்து நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, பச்சை பெல்ட்டைச் சுற்றி, கடைசி ஓட்டையில் மாட்டினார். அதன்மேல் பன்னிப் பை. கழுத்தில் கண்ணாடி. முதுகில் பாட்டில்.

"என்னண்ணே இது, ஒரு ஆட்டுக் கனம் இருக்கும்போலயே!"

"குட்டிதான் தம்பி. ஒரு நிமிசம், வந்துர்றேன்."

உள்ளே மேஜையில் படுக்க வைத்த பிறகுதான் அந்தப் பெண் சாவிக்கொத்தைப் பார்த்தார். அதையும் அவிழ்க்கச் சொன்னார். எங்கே வைப்பது? ராமசுப்பு உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக் கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டார். அப்போதுதான் வெளியே உடுக்கைச் சத்தம் கேட்டது. அவருடைய போன்.

"போனும்மா…"

"அசையாதீங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் சின்னச்சாமியின் கூப்பாடு. "யாராச்சும் எடுங்கப்பா, எனக்குக் கையில்ல! எக்கா, அந்த ஜிப்பத் தொறங்க!" ஜிப் திறக்கும் சத்தம். அடுத்து, கூட்டிக்கொண்டிருந்த அக்காவின் அலறல். விளக்குமாறு விழுந்தது. முத்துராமலிங்கம் சிரித்திருப்பார் என்று ராமசுப்புவுக்குப் புரிந்தது. எழ முடியவில்லை, மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். பிறகு சரியான உறையைத் திறந்து யாரோ ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

"ஏங்க, பீரோ சாவி ஒங்ககிட்டயா இருக்கு?" தங்கலட்சுமியின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"எக்கா, அவுக உள்ள எக்ஸ்ரேயில இருக்காக. நான் அவுக இடுப்பக் கட்டியிருக்கிறவன் பேசுறேன்."



"கழத்திட்டாகளா?"

"கழத்திட்டாகக்கா."

"தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அப்படியே பஸ் ஏறிருங்க. திருப்பி மட்டும் குடுத்துராதீக. பீரோவ நான் ஒடச்சுக்கிறேன்."

நடைபாதையே சிரித்தது. "மூச்ச விடுங்க" என்றார் உள்ளே இருந்த பெண். ராமசுப்பு விட்டார். அது நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

வெளியே வந்தபோது இடுப்பில் பெல்ட் இருந்த இடம் வெளுத்த பட்டையாகத் தெரிந்தது. பத்தடி நடந்தார். வலது பெருவிரலில் ஊசி குத்துவது போல ஏதோ ஒன்று வந்து போனது. உணர்ச்சிதான். நின்று, அது மறுபடி வருகிறதா என்று பார்த்தார். வந்தது.

பெஞ்சுப் பக்கம் சின்னச்சாமி நின்றுகொண்டேயிருந்தார். அதற்குள் யாரோ ஒருவர் அவருடைய பெல்ட்டில் ஓ.பி. சீட்டைச் செருகியிருந்தார். முதுகுக் கொக்கியில் ஒரு குடை தொங்கியது. குழந்தையை இடுக்கிய பெண் ஒருத்தி, "அண்ணே, ஒரு நிமிசம், இந்தா வந்துர்றேன்" என்று மருந்துப் பொட்டலத்தைப் பன்னிப் பையில் திணித்துவிட்டு ஊசி போடும் அறைக்குள் போனாள்.

"வந்துட்டீகளாண்ணே!" என்றார் சின்னச்சாமி. "ஒரு நிமிசம்னுதான சொன்னீக? எவன் எவனோ வந்து சொருகிட்டுப் போறான். கழத்துங்கண்ணே, இடுப்பு கடுக்குது."

ராமசுப்பு பக்கத்தில் வந்தார். பழக்கத்தில் இடது கை பெல்ட்டின் பக்கிளுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. வலது கையில் சாவிக்கொத்து வேர்வையில் நனைந்திருந்தது.

பக்கிளை விட்டார். பன்னிப் பையின் ஜிப்பை இரண்டு விரல் அளவுக்கு இழுத்து, சாவிக்கொத்தை உள்ளே போட்டு மூடினார்.

"இன்னும் ஒரு நிமிசம், தம்பி" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, வலது காலை நீட்டிப் போட்டு, இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார்.