பென்சிலில் எழுதிய பெர்த்

நடந்தவை, வரிசைப்படி:

1. டிராஃப்ட்ஸ்மேன் டிப்ளமா முடித்து, துறைமுகத்தில் இருந்த பயணிக் கப்பல் அலுவலகத்தில் சேர்ந்தேன்.
2. நான்கு வருடம் கப்பல்களின் கேபின்களை வரைந்தேன்.
3. கிளாஸ்கோவில் கப்பல் வரைபடப் படிப்புக்கு இடம் கிடைத்தது.
4. லண்டன் கப்பலில் என் பெயரைப் பென்சிலில் எழுதினார்கள்.
5. அதை நானே அழித்தேன்.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல். கடலைப் பார்த்த வாசலில் தேக்குக் கவுன்ட்டர், சுழலும் விசிறிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறிய மாதிரிக் கப்பல். சீமைக்குப் போகிறவர்கள் அவ்வழியே வந்தார்கள். சந்துப் பக்க வாசல் ஆப்பிரிக்காவுக்குக் கேபின் இல்லாமல், டெக்கில், திறந்த மேல்தளத்தில், போகிறவர்களுக்கு. அவர்கள் டிரங்குப் பெட்டி மேல் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். தாராவியிலிருந்து தம்பியை வழியனுப்ப வந்த ஒருவர் என்னைக் கேட்டார்: "எம்மா, நம்மூர்ப் பிள்ள மாதிரி இருக்கிய. உள்ள கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

சந்து வாசல்காரர்களுக்கு உள்ளிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. இல்லை என்றேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பெரிய தாளில் கேபின்களை நான் வரைவேன். பெர்த் கேட்டவர் பெயர் பென்சிலில் ஏறும். உறுதியானால் ஹெட் கிளார்க் மையால் எழுதிக் கையெழுத்திடுவார். கப்பல் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, மிஞ்சிய பென்சில் பெயர்களை ரப்பரால் அழிப்பது என் வேலை. காலி பெர்த்தை நான்கு வருடம் முடித்த ஊழியருக்கு இலவசமாகக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அப்படித்தான் எனக்கு வாய்த்தது, பெண்கள் கேபினில் மேல் பெர்த். ஹெட் கிளார்க் மாதுங்காக்காரர், அப்பாவுக்குப் பழக்கம். "மை போடறது என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார்.

அழிக்க வேண்டிய நாள் வந்தது. என் பெயர் பென்சிலிலேயே இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், என் பேருக்கு இன்னும் மை போடலை."

"ரூல் உனக்குத் தெரியுமோன்னோ?"

"தெரியும். நீங்க போடறேன்னு சொன்னேளே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்திக்குக் கிங்ஸ் சர்க்கிள்ல உங்கப்பா வந்து நின்னார். மை போடாதேள்னார். தனியா கப்பலேறின பொண்ணை நாளைக்கு யார் பார்க்க வருவான்னு கேக்கறார். நான் என்ன சொல்ல?"

"டிக்கெட் என் பேர்லதானே, சார்?"

"பேர் உன்னோடது. இனிஷியல் அவரோடதாச்சே."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் நானே மை தீட்டினால் செல்லாது. இடத்துக்குத் திரும்பி வரிசையாக அழித்தேன். மொத்தம் ஏழு பெயர்கள். என்னுடையது நான்காவது. மற்றவற்றைப் போலவே அதையும் சுத்தமாக அழித்து, ரப்பர் துகளை ஊதித் தள்ளினேன்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் லண்டன் போகிறாள் என்று ஒரு மாதமாகக் கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"என்கிட்டயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நீ கேட்டிருக்க மாட்டே" என்றார். பிறகு, "மோர் இருக்கா?" என்றார்.

இருந்தது. ஊற்றினேன்.

கப்பல் போன பிறகு தாள் என்னிடம் கோப்புக்கு வந்தது. அந்த மேல் பெர்த்தில் யார் பெயரும் இல்லை. காலியாகவே லண்டன் போயிருந்தது. கிளாஸ்கோ கல்லூரிக்கு, வர இயலவில்லை என்று ஒரு வரி எழுதினேன். காரணம் எழுதவில்லை.

இப்போதைய நிலை இது. சூயஸ் கால்வாயை மூடிய பிறகு கப்பல்கள் குறைந்துவிட்டன. வசதியுள்ளவர்கள் விமானத்தில் போகிறார்கள். கடல் பக்க வாசலைப் பூட்டிவிட்டார்கள். சந்து வாசல் மட்டும் திறந்திருக்கிறது. ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றுவிட்டார். நான் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் குழாய்களை வரைகிறேன். என்னைப் பார்க்க இதுவரை மூன்று பேர் வந்து போயிருக்கிறார்கள். மூவரும் பதில் எழுதவில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது.